வெளிநாட்டில் படித்த ஆண்டுகள் இங்கே செல்லுமா? பல் மருத்துவச் சேர்க்கையும் தலித் மாணவர்களும்

வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஓரிரு ஆண்டுகள் பல் மருத்துவமோ அதற்கு முந்தைய அறிவியல் பாடங்களோ படித்துவிட்டுத் திரும்பும் மாணவர், அந்த மதிப்பெண்களைக் கொண்டு இங்குள்ள பல் மருத்துவக் கல்லூரியில் சேர முடியுமா? செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் கடற்கரை வரையுள்ள ஊர்களின் முதல் தலைமுறை மாணவர்கள் எங்களிடம் கேட்கும் கேள்வி இது. விடை: முடியாது. இதைப் பணம் கட்டிய பிறகல்ல, கட்டுவதற்கு முன்பே அறிந்துகொள்ள வேண்டும்.

சட்டம் சொல்வது என்ன?

அமெரிக்காவில் கல்லூரிப் படிப்புக்குப் பிறகே பல் மருத்துவப் பள்ளியில் சேர்கிறார்கள். ஆகவே வெளிநாட்டில் முடித்த பாடங்களை ஒவ்வொன்றாக மதிப்பிடும் நடைமுறை அங்கே உண்டு. இந்தியாவில் பல் மருத்துவம் பள்ளிக் கல்விக்கு அடுத்த படிப்பு. சேர்க்கைக்கு அடிப்படை இரண்டுதான்: மேல்நிலைப் பள்ளி மதிப்பெண்ணும் நீட் தேர்வும். அறிவியல் பாடங்களில் பொதுப் பிரிவினருக்கு 50 விழுக்காடும், பட்டியல் சாதியினருக்கு 40 விழுக்காடும் தேவை. இடையில் படித்த பல்கலைக்கழகப் பாடங்களுக்கு இதில் இடமில்லை.

இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம் என்று முகவர்கள் சொன்னால் நம்ப வேண்டாம். இந்தியப் பல் மருத்துவ மன்றத்தின் 2007ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, கல்லூரி மாற்றம் மாணவரின் உரிமை அல்ல. விதிவிலக்காக அனுமதிக்கப்பட்டாலும், முதலாண்டில் தேர்ச்சி பெற்றிருக்க வேண்டும். இரு கல்லூரிகளும் மன்றத்தின் அங்கீகாரம் பெற்றவையாக இருக்க வேண்டும். வெளிநாட்டுக் கல்லூரி இந்த வரையறைக்குள் வராது. அங்கேயே பட்டத்தை முடித்துத் திரும்புவோர், இங்கு பதிவு பெறுவதற்குத் தனித் தகுதித் தேர்வில் வெற்றி பெற வேண்டும்.

ஏன் வெளிநாடு செல்கிறார்கள்?

செங்கல்பட்டில் 1965 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. ஆனால் மாவட்டத்தில் அரசுப் பல் மருத்துவக் கல்லூரி இல்லை. இருப்பவை தனியார் கல்லூரிகளும் நிகர்நிலைப் பல்கலைக்கழகக் கல்லூரிகளுமே. தனியார் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீட்டு இடங்களில், அருந்ததியர் உள்ஒதுக்கீடு உட்பட 18 விழுக்காடு பட்டியல் சாதியினருக்கு உண்டு. நிகர்நிலைப் பல்கலைக்கழக இடங்களோ அகில இந்தியக் கலந்தாய்வில் நிரப்பப்படுகின்றன. பட்டியல் சாதி ஒதுக்கீடு அங்கே நடைமுறையில் இல்லை. வீட்டின் அருகிலேயே கல்லூரி இருந்தும் அதன் கதவு நமக்கு மூடியிருக்கிறது. அந்த இடைவெளியில்தான் முகவர் நுழைகிறார்.

ஒன்றிய அரசின் வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகை முதுநிலைக்கும் முனைவர் பட்டத்துக்கும் மட்டுமே, இளநிலைக்குக் கிடையாது. எனவே குடும்பத்தின் நகையும் நிலமும் பிணையாகின்றன. இங்கே ஓர் எச்சரிக்கை. செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் 1891இல் அளித்த அறிக்கையின் தொடர்ச்சியாக வழங்கப்பட்ட பஞ்சமி நிலங்களை, பட்டியல் சாதியினர் அல்லாதோருக்கு மாற்றுவது செல்லாது. 1994இல் காரணைப் பஞ்சமி நில மீட்புப் போராட்டத்தில் ஜான் தாமஸ், ஏழுமலை ஆகிய இருவரைக் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இழந்தோம். அப்படிக் காக்கப்பட்ட நிலத்தை, இங்கு செல்லாத மதிப்பெண் பட்டியலுக்காகக் கைமாற்றிவிடக் கூடாது.

உக்ரைன் கற்றுத்தந்த பாடம்

2022இல் உக்ரைன் போரின்போது ஏறத்தாழ 22,500 இந்தியர் அழைத்துவரப்பட்டனர். அவர்களில் பெரும்பாலோர் மாணவர்கள். அவர்களை இந்தியக் கல்லூரிகளில் சேர்க்கச் சட்டத்தில் இடமில்லை என்று ஒன்றிய அரசு உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. பின்னர் 2023இல், படிப்பின் இறுதிக் கட்டத்தில் இருந்த மருத்துவ மாணவர்களுக்கு மட்டும் இந்தியாவிலேயே இறுதித் தேர்வெழுத ஒரேயொரு முறை வாய்ப்பு தரப்பட்டது. தொடக்க ஆண்டுகளில் இருந்தோருக்கு அது பயன்படவில்லை. சட்டத்தில் இடமில்லை என்பது முடிந்த முடிவல்ல, அரசு நினைத்தால் இடம் உண்டாக்க முடியும் என்பதை இந்த அனுபவம் காட்டுகிறது.

திரும்பிவந்தோர் செய்ய வேண்டியவை

முதலாவது, நீட் எழுதத் தடையில்லை. அதற்கு வயது உச்சவரம்போ முயற்சிகளின் எண்ணிக்கைக்கு வரம்போ இல்லை.

இரண்டாவது, 2020ஆம் ஆண்டின் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீட்டுச் சட்டம் பார்ப்பது, ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தாரா என்பதைத்தான். அவ்வாறு இடம் பெறுவோரின் கல்விக் கட்டணத்தை மாநில அரசே ஏற்கிறது. எனினும், ஏற்கெனவே மருத்துவப் படிப்பில் சேர்ந்திருந்தோருக்கான நிபந்தனைகளை அவ்வாண்டின் சேர்க்கைக் கையேட்டில் படித்துவிட்டே விண்ணப்பிக்க வேண்டும்.

மூன்றாவது, பன்னிரண்டாம் வகுப்பை வெளிநாட்டில் முடித்திருந்தால், இந்தியப் பல்கலைக்கழகங்கள் கூட்டமைப்பிடம் இணைத்தன்மைச் சான்று பெற வேண்டும்.

நான்காவது, சாதிச் சான்று, இருப்பிடச் சான்று, பள்ளி மாற்றுச் சான்று ஆகியவற்றின் மூலப் படிகளை எந்த முகவரிடமும் ஒப்படைக்கக் கூடாது. கட்டிய பணத்துக்கு ரசீதும், முகவர் தந்த வாக்குறுதிக்கு எழுத்துச் சான்றும் வைத்திருந்தால், நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம்.

கோரிக்கை என்ன?

பரோடா உதவித்தொகை முடிந்ததால், 1917இல் லண்டன் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்பினார் அண்ணல் அம்பேத்கர். நான்கு ஆண்டுகளுக்குள் வந்து தொடரலாம் என லண்டன் பல்கலைக்கழகம் அனுமதித்தது. 1920இல் அவர் மீண்டும் சென்றார். 1921இல் முதுநிலைப் பட்டமும் 1923இல் முனைவர் பட்டமும் பெற்றார். பணமின்றிப் பாதியில் நின்ற படிப்பை அந்தப் பல்கலைக்கழகம் பூச்சியமாக்கவில்லை.

பல் மருத்துவக் கல்வியை ஒழுங்குபடுத்த 2023இல் தேசியப் பல் மருத்துவ ஆணையச் சட்டம் இயற்றப்பட்டுள்ளது. அதன்கீழ் வகுக்கப்படும் விதிகளில் இரண்டைச் சேர்க்கக் கோருகிறோம். போர், நோய், வறுமை ஆகியவற்றால் படிப்பு தடைபட்டவர், தான் படித்த பாடங்களில் இங்கே தேர்வெழுதித் தேறினால் அவற்றுக்கு ஏற்பு வேண்டும். நிகர்நிலைப் பல்கலைக்கழக இடங்களிலும் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் ஒதுக்கீடு வேண்டும். கூடவே, செங்கல்பட்டில் அரசுப் பல் மருத்துவக் கல்லூரியை மாநில அரசு தொடங்க வேண்டும். ஊரிலேயே இடம் கிடைத்தால், கடன்பட்டுக் கடல் கடக்க வேண்டிய தேவை நம் பிள்ளைகளுக்கு இராது.