திரவமான ஹீலியம்

1908 ஜூலை 10. நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழக ஆய்வுக்கூடம். எதற்கும் மசியாத ஹீலியம் வாயுவை எப்படியும் திரவமாக்கிவிடுவது என்று விடியற்காலையிலேயே வேலையில் இறங்கினார் பேராசிரியர் காமர்லிங் ஓன்னஸ்.

அழுத்தி வைத்த வாயுவை முன்கூட்டியே நன்றாகக் குளிர்வித்து, நுண்ணிய திறப்பின் வழியே விரியவிட்டால் அது மேலும் குளிரும். திரவக் காற்றைக் கொண்டு ஹைட்ரஜனையும், திரவ ஹைட்ரஜனைக் கொண்டு ஹீலியத்தையும் படிப்படியாகக் குளிர்வித்தார்கள். எத்தனை பொறுமை வேண்டும் இதற்கு!

மாலையாகியும் கண்ணாடிக் குடுவையில் எதுவும் தென்படவில்லை. வெப்பமானி மட்டும் ஒரே இடத்தில் அசையாமல் நின்றது. பார்க்க வந்த சக பேராசிரியர் ஒருவர், கீழிருந்து வெளிச்சம் காட்டிப் பார்க்கச் சொன்னார். காட்டியதும், கூரிய விளிம்போடு திரவத்தின் மேற்பரப்பு பளிச்சென்று தெரிந்தது. கிடைத்தது சுமார் 60 மில்லிலிட்டர். வெப்பநிலை, மைனஸ் 269 டிகிரி செல்சியஸ்!

அந்தக் குளிரில்தான், 1911-ல், பாதரசம் தன் மின்தடையை அடியோடு இழப்பதை ஓன்னஸின் ஆய்வுக்கூடம் கண்டறிந்தது. 1913-ல் அவருக்கு நோபல் பரிசு. இன்று மருத்துவமனைகளில் உள்ள எம்.ஆர்.ஐ. கருவிகள் பெரும்பாலானவற்றில் காந்தச் சுருளை இப்படி மின்தடையே இல்லாத அளவுக்குக் குளிர வைத்திருப்பது திரவ ஹீலியம்தான்.