நிழலை அளந்தால் பூமியை அளக்கலாம்

ஏப்ரல் 24 வாக்கில், நண்பகல் 12 மணி கடந்து ஏழு நிமிடம் ஆகும்போது, சென்னையில் செங்குத்தாக நிற்கும் கொடிக்கம்பத்துக்கு நிழல் விழாது. மொட்டை மாடியில் நிற்கும் குழந்தையின் நிழல் அதன் காலடிக்குள் அடங்கிவிடும். சூரியன் சரியாக உச்சிக்கு மேலே வந்துவிடுவதே காரணம். இதை ‘நிழலில்லா நாள்’ என்கிறோம். தமிழ்நாடு அறிவியல் இயக்கம் போன்ற அமைப்புகள் பள்ளி மாணவர்களைக் கூட்டி இந்த நாளைக் கொண்டாடி வருகின்றன.

தேர்வுகள் முடிந்து பிள்ளைகள் மூச்சுவிடும் பருவத்தை ஒட்டி இது வருகிறது. அத்தை வீட்டுப் பிள்ளைகளும் சித்தி வீட்டுப் பிள்ளைகளும் தாத்தா வீட்டில் கூடுகிற காலம். கடற்கரை, அருவி, கோயில் திருவிழா என்று சில நாட்கள் கழிந்ததும் ‘போரடிக்குது’ என்ற குரல் எழும். கை செல்போனைத் தேடும். அந்த வேளையில் பெரியவர்கள் எடுத்துக் கொடுக்க ஓர் அருமையான வேலை இருக்கிறது. ஒரு கோல், ஓர் அளவு நாடா, வேறு ஊரில் ஓர் உறவினர். இவை போதும், ஒரு குடும்பம் பூமியின் சுற்றளவையே கணக்கிட்டுவிடலாம்.

எந்த ஊரில் எப்போது?

பூமியின் அச்சு சுமார் 23.5 பாகை சாய்ந்திருப்பதால், நண்பகல் சூரியன் டிசம்பரில் தெற்கே மகர ரேகை வரையும் ஜூனில் வடக்கே கடக ரேகை வரையும் போய் வருகிறது. இந்த இரண்டு ரேகைகளுக்கும் நடுவில் உள்ள ஊர்களை, போகும்போது ஒரு முறை, திரும்பும்போது ஒரு முறை என ஆண்டுக்கு இரண்டு தடவை அது நேர் மேலாகக் கடக்கும். கன்னியாகுமரியில் ஏப்ரல் 10, மதுரையில் 16, திருச்சியில் 18, கோவையில் 19, சென்னையில் 24 என்று நிழலில்லா நாள் தெற்கிலிருந்து வடக்கே நகரும். ஆண்டைப் பொறுத்து ஒரு நாள் முன்பின் ஆகலாம். யாழ்ப்பாணத்தில் ஏப்ரல் 15 வாக்கில், சித்திரைப் புத்தாண்டுக்கு உறவுகள் கூடியிருக்கும்போதே வந்துவிடுகிறது.

டெல்லி கடக ரேகைக்கும் வடக்கே இருப்பதால் அங்கே வாழும் பிள்ளைகள் தங்கள் ஊரில் இதை ஒருநாளும் பார்க்க முடியாது. லண்டனிலிருந்து வரும் பிள்ளைகளுக்கும் அப்படித்தான். அவர்களுடைய பள்ளிக் கோடை விடுமுறை ஜூலை இறுதியில்தான் தொடங்கும் என்பதால் ஏப்ரல் வாய்ப்பு தவறிப்போகும். ஆனால் தெற்கே திரும்பும் சூரியன் ஆகஸ்ட் 18 வாக்கில் சென்னையை மறுபடியும் கடக்கும். அந்த நாள் அவர்களுக்குச் சரியாக வாய்க்கும்.

இன்னொரு விஷயத்தையும் பிள்ளைகளுக்குக் காட்டலாம். மே முழுவதும் தமிழ்நாட்டின் எல்லா ஊர்களிலும் நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. நிழல் தெற்கே விழுகிறது. நிழல் வடக்கே விழுவதாகவே பாடப்புத்தகப் படங்களில் பார்த்துப் பழகிய பெரியவர்கள்கூட இதைக் கண்டு வியப்பார்கள். இப்படி நிழல் விழுவதால்தான், நிழலில்லா நாளைத் தவறவிட்டாலும் நம் அளவையைக் கோடை முழுவதும் செய்ய முடிகிறது.

கோல் நடும் முறை

தரைக்கு மேல் சரியாக 1 மீட்டர் நிற்கும்படி ஒரு நேரான கோலை மண் நிரப்பிய வாளியில் நட்டுக்கொள்ளுங்கள். மண்மட்டத்திலிருந்து அளக்கக் கூடாது. நிழல் விழும் தரையிலிருந்து கோலின் நுனி வரை அளக்க வேண்டும். கோல் நின்ற இடத்துக்கு நேர் கீழே எந்தப் புள்ளி வருகிறது என்பதையும் தரையில் குறித்துவைக்க வேண்டும். வாளி இடைஞ்சலாகப் பட்டால், ஒரு முக்காலிக்கு நடுவே துளையிட்ட பலகையில் கோலைச் செருகலாம்.

இந்த வேலையின் உயிர்நாடி கோல் செங்குத்தாக நிற்பதுதான். மொட்டை மாடியில் மழைநீர் வடிவதற்காகக் கொத்தனார்கள் வாட்டம் வைத்திருப்பார்கள். தளத்தை நம்பிக் கோலை நிறுத்தினால் அதுவும் அந்த வாட்டத்துக்கு ஏற்பச் சாய்ந்துவிடும். ஒரு பாகை சாய்ந்தால்கூட, நாம் அளக்கப்போகும் ஐந்து பாகையில் ஐந்தில் ஒரு பங்கு பிழையாகிவிடும். எனவே தூக்குக்குண்டுதான் துணை. நூலில் ஒரு கல்லைக் கட்டித் தொங்கவிட்டு, கோலை இரண்டு பக்கமிருந்தும் அதோடு ஒப்பிட்டு நிமிர்த்துங்கள். வீடு கட்டும் வேலை தெரிந்த தாத்தாவோ மாமாவோ இருந்தால் இந்தப் பொறுப்பை அவரிடமே விடலாம். நூலின் நுனியில் ஊசலாடும் கல் ஏன் எப்போதும் பூமியின் நடுவை நோக்கியே நிற்கிறது என்ற கேள்வி பிள்ளைகளிடமிருந்து தானாகவே வரும்.

11.50 மணியிலிருந்து 12.30 வரை, ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை நிழலின் நுனியில் ஒரு கூழாங்கல் வையுங்கள். கல் வைப்பது நான்கு வயதுக் குழந்தைக்கு உரிய வேலை. நாடாவைப் படித்துச் சொல்வது எட்டு வயதுக்கு, நோட்டில் எழுதி வரைவது பன்னிரண்டுக்கு. கற்கள் வரிசையாகச் சேரும்போது அவற்றில் கோலுக்கு மிக நெருங்கிய கல் எது என்று பார்த்தால் அதுதான் அந்த ஊரின் உண்மையான நண்பகல். கடிகாரத்தில் 12 அடிக்கும் நேரம் அல்ல அது. கடிகாரம் நாடு முழுவதற்கும் பொதுவானது. சூரியனோ ஒவ்வோர் ஊருக்கும் தனித்தனியாக உச்சிக்கு வருகிறது. சென்னைக்கு மேற்கே இருக்கும் கன்னியாகுமரியில் உச்சிவேளை 11 நிமிடம் பிந்தியே வரும்.

நிழலின் நுனியை உட்கார்ந்து உற்றுப் பாருங்கள். அது கத்தி வெட்டியதுபோல் முடிவதில்லை. கருமை மெல்ல வெளுத்து, சுமார் 9 மில்லிமீட்டர் அகலத்துக்கு ஒரு சாம்பல் ஓரம் இருக்கும். சூரியன் வானில் வெறும் புள்ளியாக இல்லாமல் அரை பாகை அகலமுள்ள வட்டமாக இருப்பதே இதற்குக் காரணம். வட்டத்தின் ஒரு விளிம்பிலிருந்து வரும் ஒளி மறைந்தாலும் இன்னொரு விளிம்பின் ஒளி அந்த இடத்தைத் தொடுகிறது. அந்தச் சாம்பல் ஓரத்தின் நடுவையே நுனியாகக் கொள்ளுங்கள். வானத்தை ஏறெடுத்துப் பார்க்காமலே சூரியனின் அகலத்தை ஒரு குழந்தை தரையில் கண்டுகொள்ளும் இடம் இது.

இரண்டு ஊர், ஒரே நாள்

பிள்ளைகள் அம்மாவோடு கன்னியாகுமரியில் பாட்டி வீட்டில் இருக்கிறார்கள். அப்பா வேலைக்காகச் சென்னையில் தங்கியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு வீடுகளிலும் ஒரே நாளில் 1 மீட்டர் கோல் நடப்படுகிறது. ஏப்ரல் 24 என்றால் சென்னையில் நிழல் இல்லை. கன்னியாகுமரியில் தெற்கு நோக்கி 8.7 சென்டிமீட்டர். மே நடுவில் என்றால் சென்னையில் ஏறத்தாழ 10 சென்டிமீட்டர், கன்னியாகுமரியில் ஏறத்தாழ 19.

இந்த நீளங்களைக் கோணமாக மாற்ற எளிய வழி உண்டு. நிழல் குட்டையாக இருக்கும்போது, 1 மீட்டர் கோலுக்கு ஒரு பாகை என்பது சுமார் 1.75 சென்டிமீட்டர். 8.7-ஐ 1.75-ஆல் வகுத்தால் 5 பாகை. மே நடுவில் எடுத்த இரண்டு அளவுகளின் வித்தியாசத்தை வகுத்தாலும் அதே 5 பாகைக்கு அருகில்தான் வரும். கோலையும் நிழலையும் சிறிதாக்கித் தாளில் வரைந்து, ஜாமெட்ரி பாக்ஸில் உள்ள பாகைமானியால் சரிபார்க்கலாம்.

ஒரு முழு வட்டத்துக்கு 360 பாகை. அதில் 5 என்பது 72-இல் ஒரு பங்கு. அடுத்து வேண்டியது இரண்டு ஊர்களுக்கும் இடையே தெற்கு வடக்காக உள்ள தூரம். பேருந்து போகும் வழி சுமார் 700 கிலோமீட்டர். சாலை தென்மேற்காகச் சாய்ந்து போவதால் அது உதவாது. அட்லஸில் இரண்டு ஊர்களின் வழியாகவும் கிழக்கு மேற்காக ஒவ்வொரு கோடு இழுத்து, கோடுகளுக்கு நடுவிலுள்ள தூரத்தை வரைபட அளவுகோலால் அளந்தால் சுமார் 555 கிலோமீட்டர் வரும். அதை 72-ஆல் பெருக்குங்கள்: 39,960. பூமியைத் துருவங்கள் வழியாகச் சுற்றி அளந்தால் கிடைக்கும் தூரம் சுமார் 40,000 கிலோமீட்டர்.

உங்கள் வீட்டு விடை இவ்வளவு நெருங்கி வராமல் போகலாம். அரை சென்டிமீட்டர் பிசகினால் விடையில் இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்துவிடும். அதைத் திருத்தி எழுதிவிடாதீர்கள். பிழை எங்கே நுழைந்தது, கோலிலா, நாடாவிலா, நிழல் ஓரத்திலா என்று பிள்ளைகளோடு சேர்ந்து தேடி, மறுநாள் மறுபடி அளந்து பாருங்கள். அறிவியல் நடக்கும் முறையே அதுதான்.

முன்னோர் அளந்த வழி

கி.மு. 240 வாக்கில், அலெக்சாந்திரியா நூலகத்தின் தலைவராக இருந்த எரட்டோஸ்தனிஸ் செய்ததும் இதைத்தான். எகிப்தின் தெற்கே சையீன் நகரில் கோடைக்காலக் கதிர்த்திருப்ப நாளின் நண்பகலில் நிழல் மறையும். அதே நாளில் வடக்கே அலெக்சாந்திரியாவில் நிழல் வட்டத்தின் 50-இல் ஒரு பங்குக் கோணம் காட்டியது. இரு நகரங்களுக்கும் இடைப்பட்ட தூரத்தை 50-ஆல் பெருக்கி அவர் பூமியின் சுற்றளவைச் சொன்னார்.

நம் மண்ணிலும் நிழலறிவு பழையது. மனை வகுக்கும்போது இரண்டு கோல் நட்டு, சூரியன் எந்தப் பக்கமும் சாயாத நடுப்பகலில் திசை குறித்து, நுட்பமாகக் கயிறிட்ட வல்லுநர்களைப் பற்றி நெடுநல்வாடை பேசுகிறது. பிற்காலத்தில் வில்லியம் லாம்டன் 1802 ஏப்ரல் 10 அன்று பரங்கிமலை அருகே தொடங்கிய நில அளவையின் நோக்கங்களில் ஒன்று, ஒரு பாகைக்கு நிலத்தில் எத்தனை தூரம் என்று கண்டறிவது. அவர் நிழலுக்குப் பதில் விண்மீன்களின் உயரத்தைக் கொண்டு பாகையைக் கண்டார். தெற்கே குமரிமுனையைத் தொட்ட அந்த அளவை, பின்வந்தவர்களால் வடக்கே இமயத்தின் அடிவாரம் வரை நீண்டது. உங்கள் வீட்டுக் கோல் கேட்பதும் அவர் கேட்ட அதே கேள்விதான்.

வெளிச்சமும் எச்சரிக்கையும்

பிள்ளைகளை வீட்டுக்கு வெளியே அழைப்பதற்குக் கண்மருத்துவமும் காரணம் சொல்கிறது. சீனாவின் குவாங்சோ நகரில் 12 பள்ளிகளில் நடந்து 2015-இல் வெளியான ஆய்வில், நாளுக்கு 40 நிமிடம் கூடுதலாக வெளியே இருந்த முதல் வகுப்புக் குழந்தைகளில் மூன்று ஆண்டுகளில் 30.4 சதவீதத்தினருக்குக் கிட்டப்பார்வை வந்தது. வழக்கம்போல் இருந்த குழந்தைகளில் அது 39.5 சதவீதம். பகல் வெளிச்சம் விழித்திரையில் டோபமைன் சுரப்பைக் கூட்டி, கண்கோளம் அளவுக்கு மீறி நீள்வதைத் தடுக்கிறது என்பது ஆய்வாளர்கள் முன்வைக்கும் விளக்கம். இதற்கு வெயிலில் வாட வேண்டியதில்லை. வீட்டு அறையில் சில நூறு லக்ஸ் வெளிச்சம்தான் இருக்கும். மரத்தடி நிழலில்கூட அது பல மடங்கு அதிகம்.

வெப்பத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது. சிறு குழந்தைகளின் உடல் எடைக்குத் தோலின் பரப்பு அதிகம் என்பதால் சூடான காற்றிலிருந்து அவர்கள் உடல் பெரியவர்களைவிட வேகமாக வெப்பத்தை ஏற்கும். கோல் வெயிலில் நிற்கட்டும், பிள்ளைகள் திண்ணையில் இருக்கட்டும். கல் வைக்கும் ஒரு நிமிடம் மட்டும், தொப்பியோடும் செருப்போடும் வெளியே வந்து போகட்டும். நடுவில் மோரோ பானகமோ நுங்கோ கொடுங்கள். சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஓட்டமும் ஆட்டமும் காலையிலும் மாலையிலும் வைத்துக்கொள்ளலாம்.

இந்த விடுமுறையில் ஒரு நாளை இதற்கு ஒதுக்குங்கள். ஊருக்குக் கிளம்பும் உறவினரிடம் பலகாரத்தோடு 1 மீட்டர் கோல் ஒன்றையும் கொடுத்தனுப்பி, நாள் குறித்துக்கொள்ளுங்கள். அளவுகளைத் தேதி, நேரம், ஊர் பெயரோடு ஒரு நோட்டில் பிள்ளைகளின் கையெழுத்திலேயே எழுதச் சொல்லுங்கள். அடுத்த ஆண்டு இன்னும் திருத்தமாக அளக்க அந்த நோட்டு உதவும்.