போர்ட்டுனா (திமிங்கில வேட்டைக் கப்பல்)

போர்ட்டுனா என்பது தென் அத்திலாந்திக் பெருங்கடலில் உள்ள தெற்கு ஜோர்ஜியா தீவில் 1904 முதல் 1916 வரை பணியாற்றிய நீராவித் திமிங்கில வேட்டைக் கப்பல் ஆகும். அத்தீவில் பயன்படுத்தப்பட்ட முதல் நவீன வேட்டைக் கப்பல் இதுவே. தீவிலுள்ள போர்ட்டுனா விரிகுடா இக்கப்பலின் பெயரைப் பெற்றது.

வரலாறு

நோர்வேயைச் சேர்ந்த கார்ல் அன்டன் லார்சன் 1904 இல் புவெனஸ் ஐரிசில் ஒரு திமிங்கில வேட்டை நிறுவனத்தைத் தொடங்கினார். அதற்காக நோர்வேயின் சாண்டபியோர்டு நகரில் போர்ட்டுனா கட்டப்பட்டது. லூயிஸ், ரோல்ப் ஆகிய பாய்க்கப்பல்கள் நிலையம் அமைப்பதற்கான பொருட்களைக் கொண்டு சென்றன. நவம்பர் 1904 இல் கம்பர்லாந்து விரிகுடாவில் கிரிட்விக்கன் நிலையம் நிறுவப்பட்டது.

வேட்டை முறை

இவ்வகைக் கப்பல்கள் சிறியவை, விரைவாகத் திரும்பக்கூடியவை. பாய்மர உச்சியில் கட்டப்பட்ட பீப்பாயில் ஒருவர் நின்று திமிங்கிலம் விடும் மூச்சைக் கவனிப்பார். முன்பகுதியிலுள்ள பீரங்கியிலிருந்து வெடிகுண்டு பொருத்திய எறியீட்டி சுடப்படும். எறியீட்டியின் கயிறு பாய்மரத்திலுள்ள கப்பி வழியாகச் செல்லும். கப்பியுடன் இணைக்கப்பட்ட விற்சுருள்கள் திமிங்கிலத்தின் இழுவையைத் தாங்குவதால் கயிறு அறுபடுவதில்லை. இறந்த திமிங்கிலம் மூழ்காதிருக்க அதன் உடலினுள் காற்று செலுத்தப்படும். பின்னர் வாற்பகுதியைச் சங்கிலியால் கப்பலின் பக்கத்தில் பிணைத்து நிலையத்துக்கு இழுத்து வருவர். கொழுப்பை உரித்து எண்ணெய் காய்ச்சும் வேலை கரையிலேயே நடைபெற்றதால், கப்பல் உடனே மீண்டும் வேட்டைக்குச் செல்ல முடிந்தது.

விளைவுகள்

தொடக்கத்தில் திமிங்கிலங்கள் விரிகுடாவினுள்ளேயே கிடைத்தன. கரையோரம் வரும் கூன்முதுகுத் திமிங்கிலங்களே முதலில் பெருமளவில் கொல்லப்பட்டன. கொழுப்பு மட்டும் எடுக்கப்பட்டு எஞ்சிய உடல் வீசப்பட்டது. கிடைத்த இலாபத்தைக் கண்டு வேறு நிறுவனங்களும் தீவுக்கு வந்தன. 1910களின் நடுப்பகுதிக்குள் கூன்முதுகுத் திமிங்கிலம் அரிதாகிவிட்டது. கப்பல்கள் மேலும் தொலைவு சென்று நீலத் திமிங்கிலங்களையும் துடுப்புத் திமிங்கிலங்களையும் வேட்டையாடின. 1904 முதல் 1965 வரை இத்தீவில் சுமார் 1,75,000 திமிங்கிலங்கள் பிடிக்கப்பட்டன.

முடிவு

மே 1916 இல் கிரிட்விக்கன் துறையின் வாயிலிலுள்ள ஹோப் முனையில் மோதிப் போர்ட்டுனா அழிந்தது. சுக்கானைப் பிடித்திருந்தவர் வீட்டிலிருந்து வந்த கடிதத்தைப் படித்துக்கொண்டிருந்ததே விபத்துக்குக் காரணம் என்று கூறப்படுகிறது.

தீவில் வேட்டை முடிவுற்று அரை நூற்றாண்டுக்குப் பின்னர், 2018 முதல் நடைபெற்ற ஆய்வுகளில், தீவைச் சூழ்ந்த கடலில் கூன்முதுகுத் திமிங்கிலங்கள் மீண்டும் பெருகியிருப்பது கண்டறியப்பட்டது.