வக்கீல் வராத வாய்தா

விவாகரத்து வழக்கு என்றால் கணவன் மனைவி பிரிவது மட்டும் அல்ல. பிள்ளைகள் யாரிடம் வளர வேண்டும்? மனைவிக்கு ஜீவனாம்சம் எவ்வளவு? தாய் வீட்டிலிருந்து வந்த நகை யாருக்கு? இந்தக் கேள்விகளும் வழக்கோடு சேர்ந்து வரும். வக்கீல் ஒரு வாய்தாவுக்குப் போகாமல் விட்டால், அந்த நட்டம் கட்சிக்காரருக்குத்தான்.

பிழைப்புக்காக டெல்லி போன தமிழ்க் குடும்பங்கள் பல. அங்கே கோர்ட்டுக் காகிதங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருக்கும். மொழி தெரியாதவர்கள் பயப்படுகிறார்கள். கட்டை வக்கீலிடம் கொடுத்துவிட்டு வீட்டில் இருந்து விடுகிறார்கள். "நீங்க வர வேண்டாம், நான் பார்த்துக்கறேன்" என்று வக்கீலும் சொல்வார். பல வக்கீல்கள் சொன்னபடி பார்த்துக்கொள்கிறார்கள். சிலர் பார்ப்பதில்லை.

என்ன நடக்கும்?

விவாகரத்து கேட்டுக் கணவர் வழக்குப் போடுகிறார். மனைவிக்குச் சம்மன் வருகிறது. அவர் ஒரு வக்கீலை வைக்கிறார். பணமும் கொடுக்கிறார். ஆனால் வக்கீல் பதில் மனு போடவில்லை. வாய்தாவுக்கும் போகவில்லை. அப்போது நீதிபதி கணவர் பக்கத்தை மட்டும் கேட்டுத் தீர்ப்புச் சொல்லலாம். இதை எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு என்பார்கள். ஒருதலைத் தீர்ப்பு என்று பொருள்.

வழக்குப் போட்டது மனைவி என்றால்? அவர் பக்கம் யாரும் வராததால் வழக்கே தள்ளுபடி ஆகலாம்.

இரண்டுக்கும் வழி உண்டு. தீர்ப்பை நீக்கும்படி அதே கோர்ட்டில் மனுப் போடலாம். தள்ளுபடி ஆன வழக்கை மறுபடி எடுக்கும்படியும் கேட்கலாம். இதற்குக் கெடு பொதுவாக 30 நாள். கெடு தாண்டினால், தாமதத்துக்குக் காரணம் சொல்லித் தனி மனுவும் போட வேண்டும்.

விவாகரத்தில் தாமதம் மிகவும் ஆபத்தானது. இந்துத் திருமணச் சட்டப்படி, தீர்ப்பு வந்து, அப்பீல் கெடுவும் முடிந்துவிட்டால் மறுமணம் செய்துகொள்ளலாம். கணவர் மறுமணம் செய்துகொண்ட பிறகு மனைவிக்கு விஷயம் தெரிந்தால் சிக்கல் பெரிதாகிவிடும்.

நீதிமன்றம் என்ன சொல்கிறது?

1981-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. அந்த வழக்கின் பெயர் ரஃபீக் எதிர் முன்ஷிலால். அது விவாகரத்து வழக்கு அல்ல. ஆனாலும் எல்லாக் கட்சிக்காரர்களுக்கும் அது பயன்படும். அலகாபாத் உயர் நீதிமன்றத்தில் அப்பீல் செய்தவரின் வக்கீல் விசாரணை நாளில் வரவில்லை. அப்பீல் தோற்றது. கட்சிக்காரர் வக்கீல் வைத்தார். பணம் கொடுத்தார். தன்னால் ஆனதை எல்லாம் செய்தார். வக்கீலின் தவறுக்கு அவர் ஏன் தண்டனை அனுபவிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கேட்டது. அப்பீலை மறுபடி விசாரிக்கச் சொன்னது. எதிர்த் தரப்பின் செலவு 200 ரூபாயை, வராத வக்கீலே கட்ட வேண்டும் என்றும் சொன்னது.

ஆனால் எப்போதும் இப்படி நடக்கும் என்று நம்பி இருக்கக் கூடாது. 1993-இல் வேறொரு வழக்கில் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. வக்கீல்மேல் பழியைப் போட்டுவிட்டு எல்லாக் கட்சிக்காரரும் தப்ப முடியாது என்றது. அக்கறையோடு வழக்கைக் கவனித்தவருக்கே கோர்ட்டு இரங்கும்.

வக்கீலை மாற்றலாமா?

மாற்றலாம். பழைய வக்கீலிடம் ஆட்சேபணை இல்லை என்று எழுதி வாங்கினால் வேலை எளிது. அவர் மறுத்தால் நீதிபதியிடம் அனுமதி கேட்கலாம். "பாக்கிப் பணம் தந்தால்தான் கட்டைத் தருவேன்" என்று சில வக்கீல்கள் சொல்வார்கள். அது சரி அல்ல. பாக்கிக்காகக் கட்டைப் பிடித்து வைக்கும் உரிமை வக்கீலுக்கு இல்லை என்று 2000-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

புது வக்கீலுக்குப் பணம் இல்லாவிட்டாலும் கவலை வேண்டாம். பெண்களுக்கு இலவச வக்கீல் கிடைக்கும். வருமானம் எவ்வளவு என்று பார்க்க மாட்டார்கள். 1987-ஆம் ஆண்டுச் சட்டம் இந்த உரிமையைத் தந்திருக்கிறது. டெல்லியில் தீஸ் ஹசாரி, சாகேத், துவாரகா, ரோகிணி போன்ற கோர்ட்டு வளாகங்களில் சட்ட உதவி அலுவலகம் உண்டு. நாடு முழுவதற்கும் உள்ள உதவி எண் 15100.

குடும்ப நீதிமன்றத்தில் கட்சிக்காரரே நேரில் பேசலாம். "ஐயா, என் வக்கீல் வரவில்லை. நான் வந்திருக்கிறேன்" என்று நீதிபதியிடம் சொல்லலாம். அன்று அவர் அங்கே இருப்பதே பெரிய பலம்.

புகார் எங்கே?

வக்கீல் பணம் வாங்கிக்கொண்டு ஏமாற்றினால் பார் கவுன்சிலில் எழுத்தில் புகார் கொடுக்கலாம். டெல்லி பார் கவுன்சில் சிரி ஃபோர்ட் பகுதியில் இருக்கிறது. 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர் சட்டப்படி அது விசாரிக்கும். தவறு உறுதியானால் கண்டிக்கும். சில காலம் தொழில் செய்யத் தடை போடும். பெயரையே நீக்கவும் செய்யலாம். ஆனால் வழக்குத் தோற்றது என்பது மட்டும் வக்கீலின் குற்றம் ஆகாது.

நுகர்வோர் கோர்ட்டுக்குப் போக முடியாது. டெல்லியில் ஒருவர் தன் வக்கீல்மேல் அப்படிப் போட்ட வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. வக்கீலின் வேலை நுகர்வோர் சட்டத்தில் அடங்காது என்று 2024 மே மாதம் தீர்ப்பு வந்தது. நட்ட ஈடு கேட்டு சிவில் கோர்ட்டில் வழக்குப் போடலாம்.

இன்னொன்று. பார் கவுன்சில் தவறிய வாய்தாவைத் திருப்பித் தராது. எனவே முதலில் கோர்ட்டில் மனு. பிறகு புகார்.

தொடக்கத்திலேயே செய்ய வேண்டியவை

வக்காலத்து என்பது வக்கீலுக்குத் தரும் அதிகாரம். அதைப் படித்துக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடவே கூடாது.

கொடுத்த பணத்துக்கு ரசீது வாங்க வேண்டும். ஒவ்வொரு மனுவுக்கும் ஒரு நகல் வாங்கி வைக்க வேண்டும். பேசியதை ஒரு சிறு கடிதமாகவோ போன் செய்தியாகவோ வக்கீலுக்கு அனுப்பி வைப்பது நல்லது. பிறகு அதுவே சாட்சி ஆகும்.

ஒவ்வொரு வழக்குக்கும் சி.என்.ஆர். எண் என்று ஒன்று உண்டு. அதில் எழுத்தும் எண்ணுமாக 16 இருக்கும். இ-கோர்ட்ஸ் என்ற செயலியில் அந்த எண்ணைப் போட்டால் அடுத்த வாய்தா எந்தத் தேதி என்று தெரியும். இதற்குக் காசு இல்லை. செல்போன் பார்க்கத் தெரிந்த பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும்.

அந்தத் தேதியை ஒரு நோட்டில் எழுதி வைக்க வேண்டும். அன்று கூலி போனாலும் கோர்ட்டுக்குப் போக வேண்டும். வக்கீல் பேசுவதற்கு வருகிறவர். வழக்கு கட்சிக்காரருடையது.