வாழைக்காய் கனியும் விதமும் கார்பைடின் தீமையும்

விறைப்பான வாழைக்காய் பழமானதும் நெகிழ்வதேன் என்பதைக் குடியானவர்கள் அறிந்திருத்தல் நலம்.

காயின் சதை, கண்ணுக்குப் புலப்படாத நுண்ணறைகளால் ஆனது. செங்கற்களுக்கிடையே சுண்ணச்சாந்து போல, பெக்டின் என்னும் பசைப்பொருள் அவ்வறைகளைப் பிணைக்கின்றது. காய் முற்றியதும் அதனுள்ளேயே எத்திலீன் என்னும் வாயு உண்டாகின்றது. அதன் தூண்டுதலால் பெக்டினேஸ் முதலிய என்ஸைம்கள் உற்பத்தியாகி அப்பசையைக் கரைக்கின்றன. அமிலேஸ் என்னும் என்ஸைம் மாவைச் சர்க்கரையாக்குகின்றது. பழத்தின் மென்மையும் இனிப்பும் இவற்றின் செய்கையே. நம் முன்னோர் தார்களை அடுக்கிப் புகைமூட்டம் போட்டதன் தத்துவமும் இதுவே. புகையில் எத்திலீன் உண்டு.

சிலர் அவசரப்பட்டுக் கால்சியம் கார்பைடு கல்லை வைக்கின்றனர். ஈரம் பட்டதும் அதிலிருந்து அசிட்டிலீன் வாயு எழுந்து தோலை மஞ்சளாக்கும். ஆயினும், முற்றாத காயில் மாவு நிரம்பாமையால் இனிப்பு உண்டாகாது. அன்றியும், அக்கல்லில் பாஷாணமும் பாஸ்பரஸும் கலந்திருப்பதுண்டு. அவை உண்போர்க்குக் கேடு விளைப்பன. இவ்வாறு பழுக்கவைத்த கனிகளின் விற்பனையை 2011ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிகள் தடுக்கின்றன. கிராம உத்தியோகஸ்தர்கள் இதனைச் சந்தைதோறும் எடுத்துரைப்பார்களாக.

காயின் விளிம்புகள் மழுங்கி உருண்ட பின்னரே தாரை வெட்டவேண்டும். தூரச் சந்தைக்காயின் முக்கால் பருவம் போதும். எத்திலீன் அறையில் பழுக்க வைப்போர், 10,000 பங்கு காற்றுக்கு 1 பங்கு வாயுவுக்கு மேற்படாமல் செலுத்தி, ஒரு நாள் கழித்துக் காற்றோட்டம் அளிக்கவேண்டும். தார் முழுதும் ஒருசீராய்க் கனியும். 13 டிகிரி சென்டிகிரேடுக்குக் கீழ் குளிர்வித்தலாகாது. தோல் கறுத்து விலை குறையும்.