மாத்திரை இலவசம், ஒரு நாள் கூலி?

ஊத்தங்கரை வட்டத்துக் கல்லாவிப் பக்கத்திலிருந்து வேலை தேடிக் கிளம்பும் பையன்களுக்கு ஓசூர் சிப்காட் இருக்கிறது, அதைத் தாண்டினால் பெங்களூரு. ஒப்பந்த வேலை, மாறிமாறி ஷிப்ட், ஒரே அறையில் நாலைந்து பேர். இவர்களில் ஒருவருக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரியவந்தால்?

சீக்கிரம் சோதி, உடனே மருந்து கொடு என்பதுதான் இன்றைய கொள்கை. அதற்கு வலுவான ஆதாரம் உண்டு. சென்னையும் ஒரு களமாக இருந்த எச்.பி.டி.என். 052 என்ற எச்.ஐ.வி. தடுப்பு ஆய்வின் முடிவு 2011-இல் வந்தது. முன்கூட்டியே மருந்து தொடங்கியவர்களிடமிருந்து துணைக்குத் தொற்றுவது 96 சதவீதம் குறைந்திருந்தது. 2004 ஏப்ரலில் தாம்பரம் உள்ளிட்ட சில அரசு மருத்துவமனைகளில் இலவசக் கூட்டு மருந்து தொடங்கியபோது, நோய் எதிர்ப்புக்கு உதவும் சி.டி.4 அணுக்கள் வெகுவாகக் குறையும்வரை பலர் காத்திருக்க வேண்டியிருந்தது. 2017 முதல் அந்தக் காத்திருப்பு இல்லை.

ஆனால் தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டாலில் நடந்த ஓர் ஆய்வில் வீடு வீடாகப் போய்ச் சோதித்தும் ஊரளவில் புதிய தொற்று குறையவில்லை. மருந்து தோற்கவில்லை. தொற்று தெரிந்தவர்களில் பலர் மருத்துவமனைக்கு வந்து சேரவே மாதக்கணக்கானது.

நம் ஊரிலும் சிக்கல் அந்த இடைவெளியில்தான். அரசின் எச்.ஐ.வி. சோதனை மையமான நம்பிக்கை மையத்தில் சோதனை இலவசம், ஆலோசனையும் இலவசம். மருந்துக்கு ஏ.ஆர்.டி. மையம் போக வேண்டும். போனால் அன்றைய கூலி போச்சு. வரிசையில் ஊர்க்காரர் யாராவது பார்த்துவிட்டால் என்ற பயம் வேறு. அறைக்குத் திரும்பியதும் டப்பாவின் லேபிளைக் கிழிப்பவர்கள் உண்டு, மாத்திரைகளைச் சத்து மாத்திரை டப்பாவுக்கு மாற்றிவைப்பவர்களும் உண்டு. மாதாமாதம் எதற்கு லீவு என்று சூப்பர்வைசர் கேட்டால் அந்தத் தொழிலாளி என்ன சொல்வார்?

2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ள எச்.ஐ.வி. சட்டம், தொற்றைக் காரணம் காட்டி ஒருவருக்கு வேலையை மறுப்பதைத் தடுக்கிறது. ஆனால் ஒப்பந்தத் தொழிலாளியை வேலையை விட்டு அனுப்பக் காரணமே சொல்ல வேண்டியதில்லையே! சட்டம் இவர்களைத்தான் கைவிடுகிறது என்பேன்.

தினம் ஒரே மாத்திரை. விடாமல் சாப்பிட்டு, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நீடித்தால், உடலுறவில் தொற்று பரவாது. இவ்வளவு நல்ல மருந்தைக் கையில் வைத்துக்கொண்டு வேலை நேரத்தில் மட்டும் கொடுப்பது நியாயமில்லை. தொழிற்பேட்டைகளை ஒட்டிய மையங்கள் ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கட்டும். உடல்நிலை சீராக இருப்பவர்களுக்கு மூன்று மாத மாத்திரையைத் தயங்காமல் மொத்தமாகக் கொடுக்கட்டும்.

வெளியூரில் வேலை பார்ப்பவர் சிகிச்சையை அருகிலுள்ள மையத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். விவரம் கேட்க 1097, கட்டணமில்லை.