கலரைப் பார்த்துக் கவுந்துடாதீங்க பாஸ்!

முதலில் ஒரு மொக்கைக் கேள்வி. நீங்க கடைசியா ஜிலேபி மீன் வறுவல் சாப்பிட்டது எப்போ? போன வாரமா? அப்படின்னா போன வாரம் நீங்க சாப்பிட்டது ஓர் ஆப்பிரிக்கன் சிக்லிட்!

சத்தியமாத்தான் பாஸ். நம்ம ஜிலேபியோட சொந்த ஊர் ஆப்பிரிக்கா. 1952-ல் வளர்ப்பு மீனாக இந்தியாவுக்குள் வந்து, இன்றைக்கு நம்ம குளம், குட்டை, ஏரி எல்லாத்துலயும் ரேஷன் கார்டு வாங்காத குறையாக செட்டில் ஆகிவிட்டது. அதே குடும்பத்துச் சொந்தக்காரங்கதான் கலர் மீன் கடையில் மஞ்சளும் நீலமுமாக, 'என்னை வாங்கு, என்னை வாங்கு' என்று கண்ணாடியில் முட்டிக்கொண்டு நிற்கும் ஆப்பிரிக்கன் சிக்லிட்கள். கடல் மீன் மாதிரி கலர், ஆனால் வளர்க்க நல்ல தண்ணீர் போதும். யாருக்குத்தான் ஆசை வராது?

எனக்கும் வந்தது. பல்பும் வந்தது. அந்தக் கதையைத்தான் சொல்லப்போறேன்.

எட்டு மீன், ஒரு நோட்டுப் புத்தகம்

என் ஊர் கூக்கால். கொடைக்கானலில் இருந்து பூம்பாறை தாண்டிப் போகணும். பூண்டு வயல், சோலைக்காடு, ஒரு ஏரி, எப்பவும் ஒரு ஸ்வெட்டர்... இதுதான் எங்க ஊர். இன்ஜினீயரிங் முதல் வருஷ லீவுக்குப் போகும்போது தங்கச்சி பிறந்தநாளுக்காக ஒரு இரண்டடி டேங்க்கும், 'ஆப்பிரிக்கன் மிக்ஸ்' என்று தொட்டியில் போட்டு வைத்திருந்த எட்டு குட்டி மீன்களும் வாங்கினேன்.

"சண்டை போடுமாண்ணே?" என்று கடைக்காரரிடம் கேட்டேன். "இருநூறு மீன் ஒரே தொட்டியிலதானே தம்பி நிக்குது. சண்டை போடுதா, நீயே பாரு!" என்றார். பார்த்தேன். போடவில்லை. நம்பிட்டேன்.

குட்டிகள் அப்படித்தான் இருக்கும் என்பதும், அவ்வளவு நெரிசலில் எந்த மீனாலும் இடம் பிடிக்க முடியாது என்பதும் அப்புறம்தான் தெரிந்தது. காலேஜ் முதல் நாள் எல்லோரும் நல்ல பிள்ளைதானே? அந்த மாதிரி!

தங்கச்சி எட்டு மீனுக்கும் பெயர் வைத்து ஒரு நோட்டில் எழுதினாள். பத்தாவது நாள் இரண்டு பெயரை அடித்தாள். ஒரு மாதத்தில் ஐந்து. மூன்றாவது மாதம் போன் பண்ணி, "அண்ணே, வரிக்குதிரை மட்டும்தான் இருக்கு. அதுவும் மஞ்சள்ல இருந்து கறுப்பாயிருச்சு" என்றாள். அழவில்லை. ஆனால் 'நீதானே வாங்கிட்டு வந்தே' என்பது அவள் குரலில் இருந்தது. ஹாஸ்டல் மொட்டை மாடியில் உட்கார்ந்து ரொம்ப நேரம் யோசித்தேன். தப்பு எங்கே நடந்தது?

ஒரு இடத்தில் இல்லை பாஸ், எல்லா இடத்திலும்!

முதலில் தண்ணியைப் பார்!

கடைகளில் கிடைக்கும் ஆப்பிரிக்கன் சிக்லிட்களில் பெரும்பாலானவற்றின் பூர்வீகம் மலாவி ஏரி. சுமார் 580 கிலோமீட்டர் நீளம், ஏறத்தாழ 700 மீட்டர் ஆழம். நூற்றுக்கணக்கான சிக்லிட் இனங்கள் உலகத்தில் அங்கே மட்டும்தான் இருக்கின்றன. அந்தத் தண்ணீர் கொஞ்சம் காரத்தன்மை உள்ளது. பி.எச். அளவு சுமார் 7.7 முதல் 8.6 வரை.

எங்க ஊர்த் தண்ணி? மழையாகப் பெய்து, சோலை மண்ணில் ஊறி, சார்னோகைட் பாறை மேல் வழிந்து வருவது. அந்தப் பாறையில் தண்ணீரில் கரைய சுண்ணாம்பு கிடையாது. குடிக்க அமிர்தம். சோப்பு போட்டால் நுரை பொங்கும். ஆனால் மலாவி மீனுக்கு அது வேற கிரகம்.

இதில் செம காமெடி என்ன தெரியுமா? 'உப்புத் தண்ணி, பக்கெட்டெல்லாம் வெள்ளையா படியுது, முடி கொட்டுது' என்று ஹாஸ்டலில் நாம் திட்டும் போர்வெல் தண்ணீர்தான் இந்த மீன்களுக்கு ஓரளவு பொருந்தும். சமவெளியில் இருக்கிற உங்களுக்கு லக்! மலையில் இருந்தால் ஃபில்டருக்குள் கிளிஞ்சல், உடைத்த பவளத்துண்டு அல்லது சுண்ணாம்புக்கல் போட்டு, தண்ணீரை மெதுவாகக் கடினமாக்கணும். எங்கே இருந்தாலும் ஒரு பி.எச். டெஸ்ட் கிட் வாங்கிப் பார்த்துவிட்டு, அப்புறம் மீனைப் பாருங்க.

பொறுமையும் வேணும். மீன் கழிவில் இருந்து அம்மோனியா வரும். அதைச் சாப்பிட்டு ஆபத்தில்லாத பொருளாக மாற்றும் பாக்டீரியா, ஃபில்டரில் குடியேறவே நாலு முதல் ஆறு வாரம் ஆகும். பி.எச். 7-ல் இருந்து 8-க்கு ஏறினால், அம்மோனியாவில் விஷமாக இருக்கும் பங்கு கிட்டத்தட்ட பத்து மடங்கு ஆகிவிடும். அதனால் சிக்லிட் டேங்கில் அவசரம் டபுள் ஆபத்து. நான் டேங்க் வைத்த அன்று சாயங்காலமே மீனை விட்டேன். பத்தாவது நாள் இரண்டு பெயர் அடிபட்டது ஏன் என்று புரிகிறதா?

குளிருக்கு ஒரு கணக்கு

இந்த மீன்களுக்கு 24 முதல் 27 டிகிரி வேணும். எங்க வீட்டு ஹாலில் டிசம்பர் ராத்திரி 12 டிகிரி. நான் வைத்தது 50 வாட் ஹீட்டர். இரண்டடி டேங்கில் சுமார் 57 லிட்டர் தண்ணீர். லிட்டருக்கு ஒரு வாட் என்பது சமவெளிக் கணக்கு. அது அறை வெப்பத்தைவிட ஐந்தாறு டிகிரிதான் ஏற்றும். காலையில் பார்த்தால் தண்ணீர் 18 டிகிரி. மீன்கள் மூலையில் ஒடுங்கிக் கிடந்தன.

நாலடி டேங்க் வைத்தால் 255 லிட்டர். அதை ஒரு டிகிரி ஏற்றவே 0.3 யூனிட் கரன்ட். 12-ல் இருந்து 25-க்குப் போக, ஏறக்குறைய 4 யூனிட். 300 வாட் ஹீட்டர் என்றால் 13 மணி நேரம், அதுவும் வெளியே ஒரு சொட்டுச் சூடுகூடப் போகாமல் இருந்தால்! நடுவில் கரன்ட் போனால் கதை கந்தல். தெர்மோடைனமிக்ஸ் பேப்பரில் நான் எடுத்த மார்க்கைக் கேட்காதீங்க... ஆனால் இந்தக் கணக்கை மீன் வாங்கும் முன்னாடி போட்டிருக்கணும். சமவெளியில் இருப்பவர்களுக்கு இந்தப் பிரச்னை பாதிகூடக் கிடையாது.

யாரோட யாரைச் சேர்க்கலாம்?

இதுதான் மெயின் மேட்டர். மலாவி மீன்களில் பாறை இடுக்கில் வாழும் கோஷ்டிக்கு 'ம்பூனா' என்று பெயர். ஒவ்வொரு ஆணும் ஒரு பாறைக்குத் தாதா. தன் கலரிலேயே இன்னொருவன் வந்தால் அவ்வளவுதான், துரத்தித் துரத்தி அடிக்கும்.

எங்க வீட்டு வரிக்குதிரை, 'ஆரட்டஸ்' என்ற இனம். குட்டியில் மஞ்சள் உடம்பு, கறுப்புக் கோடு... அவ்வளவு அழகு! ஆண் வளர்ந்தால் உடம்பே கறுத்துவிடும், அன்றிலிருந்து டேங்க் அதுக்குப் பட்டா. 'கென்யி' இதுக்கு அண்ணன். அதில் குட்டியும் பெண்ணும் நீலம், ஆண் மஞ்சள். குட்டியில் சூப்பராகவும் விலை குறைவாகவும் இருக்கும் இந்த இரண்டும்தான் 'மிக்ஸ்' தொட்டியில் அடிக்கடி மாட்டும். முதல் டேங்க்கா? ரெண்டுக்கும் பெரிய கும்பிடு போட்டுடுங்க.

அப்ப யாரை வாங்கலாம்? எலெக்ட்ரிக் யெல்லோ. ம்பூனாவிலேயே இதுதான் சாது, கலரோ எலுமிச்சை மஞ்சள். கூடவே ரஸ்டி. இது ஊதா கலந்த பழுப்பு. இரண்டும் சுமார் 10 சென்டிமீட்டர் வளரும், கலரும் வேற வேற. நாலடி டேங்கில் ஒவ்வொன்றிலும் ஆறு குட்டி, ஒரே சைஸில், ஒரே நாளில் விடுங்க. வளர்ந்ததும் ஓர் ஆணுக்கு மூன்று பெண்களாவது இருக்கட்டும். கொஞ்சம் கூட்டமாக இருந்தால் அடி ஒருத்தன் மேலேயே விழாமல் பரவிப்போகும். பஸ்ஸில் கூட்டம் இருந்தால் யாரையும் தனியாக முறைக்க முடியாதே, அந்த லாஜிக்தான்! ஆனால் கூட்டத்துக்கு ஏற்ற பெரிய ஃபில்டரும், வாரா வாரம் கால்வாசித் தண்ணீர் மாற்றுவதும் கட்டாயம்.

ஓடி ஒளிய நிறைய கல் அடுக்குங்க. மணலுக்கு மேலே இல்லை, நேராக அடிக்கண்ணாடி மேல் தெர்மோகோல் வைத்து அடுக்குங்க. இவை மணலைத் தோண்டும் பார்ட்டிகள், கல் சரிந்தால் கண்ணாடி காலி. சாப்பாடு ஸ்பைருலினா கலந்தது. பாறைப் பாசி மேய்கிற வயிறுக்கு ரத்தப்புழுவையே அள்ளிப் போட்டால் வயிறு வீங்கிச் செத்துப்போகும்.

கலர் இன்னும் வேணுமா? 'பீகாக்' சிக்லிட் இருக்கு. ஆனால் அவை கொஞ்சம் அமைதி டைப். ம்பூனாவோடு போட்டால் அடி வாங்கியே மங்கிப்போகும். தனி டேங்க் வைங்க. இரண்டடிதான் இடம் இருக்கா? டாங்கனிகா ஏரியின் 'மல்டி' மீன்களைத் தேடுங்க. ஐந்து சென்டிமீட்டருக்குள்தான் வளரும், நத்தை ஓட்டுக்குள் குடும்பம் நடத்தும். நம்ம வயல் நத்தை ஓட்டைக் கொதிக்க வைத்துக் கழுவிப் போட்டால் புது வீடு ரெடி.

எல்லாம் சரியாக அமைந்தால் ஒரு நாள் உங்க யெல்லோ திடீரென்று சாப்பிடாது. தாடை மட்டும் உப்பியிருக்கும். நோய் என்று பதறாதீங்க. முட்டையை வாயில் அடைகாக்கிறாள் அம்மா! மூன்று வாரத்துக்குப் பக்கமாகப் பட்டினி கிடந்து குஞ்சுகளைத் துப்புவாள். அந்த ஒரு காட்சிக்காகவே டேங்க் வைக்கலாம்.

ஏரிக்கரையில் தாத்தா

வரிக்குதிரைக்கு வருவோம். அடுத்த லீவில் போனேன். "ஏரியில விட்டுடலாம்ணே, பாவம்" என்றாள் தங்கச்சி. வாளியோடு கிளம்பிவிட்டோம். கரையில் தாத்தா.

"வாளியில என்னடா?"

"மீனு தாத்தா. ஏரியில விடப்போறோம்."

"எந்த ஊரு மீனு?"

"ஆப்பிரிக்கா."

"மீனு நீ காசு கொடுத்து வாங்குனது. ஏரியும் நீ வாங்குனதா?"

வாளி அப்படியே திரும்பியது.

எங்க ஊர்க் குளிருக்கு அது செத்திருக்கும். சமவெளிக் குளத்தில் விட்டிருந்தால் பிழைத்திருக்கும். அதுதான் இன்னும் மோசம். ஆப்பிரிக்காவிலேயே விக்டோரியா ஏரியில் 1950-களில் நைல் பெர்ச் என்ற பெரிய மீனைக் கொண்டுவந்து விட்டார்கள். 1980-களில் அது பெருகியபோது, அங்கு மட்டுமே இருந்த சுமார் 200 சிக்லிட் இனங்கள் காணாமல் போய்விட்டன. 'பாவம்' என்று விடும் ஒரு வாளி மீன் யாருக்குப் பாவமாகும் என்று நம்மால் சொல்லவே முடியாது. வேண்டாத மீனைக் கடையில் திருப்பிக் கொடுங்க, வளர்ப்பவர்களிடம் கொடுங்க. குளத்தில் மட்டும் விடாதீங்க.

வரிக்குதிரை இப்போது திண்டுக்கல்லில், என் நண்பன் வீட்டில். போர்வெல் தண்ணி, தனி டேங்க், தனிக்காட்டு ராஜா. விரலைக் காட்டினால் கண்ணாடியை முட்டுகிறது!

கூக்கால் வீட்டு டேங்க் காலியாக இல்லை. வொயிட் கிளவுட் என்ற குட்டி மீன்கள் பத்து ஓடுகின்றன. சீனாவில் ஒரு மலை ஓடையில் கண்டுபிடித்த இனம். குளிரைத் தாங்கும், ஹீட்டர் தேவையில்லை. மலை வீட்டுக்கு மலை மீன்!

ஸோ ஃப்ரெண்ட்ஸ், முதலில் தண்ணி, அப்புறம் இடம், அப்புறம் குணம், கடைசியாகத்தான் கலர். இந்த ஆர்டரில் யோசித்தால் பல்பு வராது. தங்கச்சி புது நோட்டு போட்டிருக்கிறாள். பத்துப் பெயர். இதுவரை ஒன்றையும் அடிக்கவில்லை!